டுரியான், தாமரை, இரும்பு மரம்: இயற்கையிடம் கற்றதா, காப்பியடித்ததா?

ஜனவரி 6, கிளமெண்டி வாசகி கேட்டது

மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். ‘இயற்கையிடம் கற்ற கலை’ என்று தலைப்பு. நம் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்க டுரியான், ஆர்ட்சயின்ஸ் மியூசியம் தாமரை, கரையோரப் பூந்தோட்டத்து சூப்பர்ட்ரீ என்று மூன்று படம் ஒட்டிவிட்டாள். எனக்குத்தான் உறுத்துகிறது. பழம் மாதிரி, பூ மாதிரி, மரம் மாதிரி கட்டிவிட்டால் கற்றதாகிவிடுமா? காப்பியடித்ததுதானே?

ஜனவரி 6, இரவு 11.40

முக்கால்வாசி காப்பிதான். நான் சுங்கை காடுட்டில் கண்காட்சி அரங்கம் கட்டும் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஸ்டைரோஃபோமில் யானை செய்திருக்கிறேன், ஃபைபரில் மயில், பிளைவுட்டில் ஆலமரம், அதற்கு நைலானில் விழுது. யானையிடமோ மயிலிடமோ எதையும் கற்றதாக நினைவில்லை. கற்றதெல்லாம் ஃபோர்மனிடம்.

ஆனால் அந்த மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் அக்கா. எஸ்பிளனேடை முதலில் வெளியே எடுங்கள். 2002இல் திறந்தார்கள். கண்ணாடிக் கூரையை நம் ஊர் வெயிலில் அப்படியே விட்டால் உள்ளே இருப்பவர்கள் இட்லிதான். அதற்காக மேலே 7,000க்கும் அதிகமான அலுமினிய மறைப்புகள். வெயில் எங்கே எப்படி விழுகிறதோ அதற்கேற்ப அவற்றின் சாய்வும் திறப்பும் இடத்துக்கு இடம் வேறுபடும். முள் முள்ளாகத் தெரிவது அதனால்தான். டுரியானைப் பார்த்து யாரும் வரையவில்லை. கட்டியதைப் பார்த்து டுரியான் என்று சொன்னது நாம்.

ஜனவரி 7, காலை

பஸ்ஸில் வரும்போது தாமரையைப் பற்றி யோசித்தேன். ஆர்ட்சயின்ஸ் மியூசியம் 2011இல் திறந்தது, மோஷே சாஃப்டி வடிவமைத்தது. பத்து இதழ். கூரையில் விழும் மழை நடுவில் உள்ள ஓட்டை வழியாக 35 மீட்டர் கீழே குளத்தில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்குப் பயன்படுகிறது.

தாமரை என்ன செய்யும்? தண்ணீரை ஒட்டவிடாது. ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று பட்டும் படாமலும் இருப்பவர்களைச் சொல்வோமே, அதுதான். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு மேடான மெழுகுப் புடைப்புகள். துளி உருண்டு ஓடும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற தாவரவியலாளர் இதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து விளக்கிய பிறகுதான் தானே சுத்தமாகும் பெயிண்ட் வந்தது. பார்வைக்கு அந்த பெயிண்டுக்கும் தாமரைக்கும் சம்பந்தமே இல்லை. வேலை மட்டும் தாமரை வேலை.

நம் மியூசியம் தலைகீழ். பார்வைக்குத் தாமரை, செய்வது தண்ணீர் பிடிக்கும் வேலை. நடுக்குழியில் மழையைத் தேக்கி வைக்கும் புரொமீலியாட் இருக்கிறதே, அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி, அது செய்கிற வேலை. மகளிடம் படத்துக்குக் கீழே ‘தாமரை வேடம் போட்ட புரொமீலியாட்’ என்று எழுதச் சொல்லுங்கள். டீச்சர் மார்க் போடாவிட்டால் நான் பொறுப்பில்லை.

ஜனவரி 8

சூப்பர்ட்ரீ விஷயத்தில் நானே கொஞ்சம் பின்வாங்குகிறேன். மொத்தம் 18, உயரம் 25 முதல் 50 மீட்டர். தோட்டம் 2012இல் திறந்தபோது நான் ‘இரும்புப் புனல்’ என்று கிண்டல் செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது: அவற்றில் சில மரங்களின் தலையில் சோலார் பலகை. வேறு சில மரங்கள் உண்மையில் புகைபோக்கி. தீவெங்கும் வெட்டும் மரக்கிளைகளை எரித்து அந்தத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்கிறார்கள். அதன் புகை வெளியேறும் வழி இந்த மரங்களின் வயிற்றுக்குள் போகிறது. மரத்தை எரித்த புகை மரத்தின் வழியாகவே போகிறது! சிரித்துவிட்டேன். ஆனால் காட்டிலும் விழுந்த கிளை இன்னொன்றுக்குச் சாப்பாடாகத்தானே போகிறது. கிளைகளை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் பார்த்தால் காடு தெரிகிறது.

ஜனவரி 8, பின்னிரவு

நான்யாங் பல்கலைக்கழகத்தில் ‘தேன்கூடு’ என்று பெயர் வைத்த கட்டடம் இருக்கிறது, தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் டிம் சம் கூடை, சீனப் பலகாரம் ஆவியில் வேகவைக்கும் கூடை. சொன்னேன், தூங்கப் போகிறேன்.

ஜனவரி 10

கிளமெண்டி அக்கா, ‘அப்போ நம்மவர்கள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஔவையார் பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. தூக்கணாங்குருவிக் கூடு, அரக்கு, கரையான் புற்று, தேன், சிலந்தி வலை, இவற்றை எல்லாராலும் செய்துவிட முடியாது, அதனால் நான்தான் பெரிய கெட்டிக்காரன் என்று பேசாதே, ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று எளிது என்று போகும். அதில் போய்க் கற்றுக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. வாயை மூடு என்று மட்டும் சொல்கிறது. கைவேலை செய்கிறவனுக்கு இது நன்றாகப் புரியும்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், பொங்கலுக்கு எங்கள் புளோக் வாய்ட் டெக்கில் (கீழ்த்தளத் திறந்தவெளியில்) ஒரு கலைமூலை வைக்கிறார்கள். ‘நீதான் மரவேலைக்காரனாச்சே, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து கொடு’ என்றார்கள். நான் வாயை மூடாமல் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, காற்றின் ஈரத்துக்குத் தானே விரிந்து மூடும் மரப் பூ. வேலை நடக்கிறது. பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 15, இரவு

சொல்கிறேன். அசையவில்லை.

பன்னிரண்டு பூ, பூவுக்கு ஆறு இதழ். அரை மில்லிமீட்டர் மேப்பிள் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, பின்னால் பிளாஸ்டிக் ஃபிலிம், நடுவே எப்பாக்சி பசை. மூன்று இரவுத் தூக்கம் போயிற்று. காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். பூவும் நின்றது. ‘எப்போ தம்பி விரியும்?’ ‘ஈரம் குறைந்தால், அங்கிள்.’ ‘எப்போ குறையும்?’ வெளியே மழை. ஒரு சின்னப் பையன் வாயால் ஊதிப் பார்த்தான். ஒருவர் ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயை எடுத்து வந்து அடித்தார். ஏற்பாட்டாளர் ஒருவர் என் காதருகே வந்து, பின்னால் ஒரு ஃபேன் வைத்து ஆட்டிவிடலாமா என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஃபேன் வந்துவிட்டது.

சாயங்காலம் கழற்றும்போது பார்த்தால் இதழெல்லாம் பாக்குமட்டைத் தட்டு மாதிரி குறுக்கே குழிந்து கிடக்கிறது. முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர்கூட வளையவில்லை. ஜனவரி மழையில் இது நடக்காது. பாரிஸ்காரன் செய்வதை சிங்கப்பூரில் செய்ய நினைத்தது என் புத்தி.

ஜனவரி 16

‘பாரிஸ்காரன் யார்’ என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நானே தப்பாகச் சொன்னேன், ஆள் ஜெர்மனி. அகிம் மெங்கஸ், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற கட்டடக்கலைஞர். 2012இல் பாரிஸ் பொம்பிடூ மையத்துக்காக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய மரத்தகடுகளாலான ஒரு வடிவம் தொங்கவிட்டார். பெட்டிக்குள் ஈரம் ஏறி இறங்க, தகடுகள் தானாக விரிந்து மூடும். உள்ளே எந்த இயந்திரமும் கிடையாது. வாத்தியார் பைன் மரத்துக் கூம்பு.

கூம்பை நீங்களே சோதிக்கலாம். இந்த மாதம் எங்கள் பட்டறை முழுக்க மால்களிலிருந்து கழற்றிய கிறிஸ்துமஸ் அலங்காரம். வார்னிஷ் அடிக்காத கூம்பு ஒன்றைத் தேடி எடுத்து மைலோ குவளையில் முக்கி வைத்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் செதிலெல்லாம் இறுகி மூடிக்கொண்டது. வெளியே எடுத்துக் காயவைத்தால் மறுபடி திறக்கும். மரத்திலிருந்து விழுந்து எத்தனை மாதம் ஆயிற்றோ, உயிர் என்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் வேலை செய்கிறது. செதிலில் இரண்டு அடுக்கு. ஒன்று ஈரத்தில் நீளும், இன்னொன்று அவ்வளவாக நீளாது. நீளுகிற பக்கம் நீளாத பக்கத்தைத் தள்ளி வளைக்கிறது, அவ்வளவுதான். இது சிங்கப்பூர்க் காற்றில்தான் நடந்தது என்பதையும் கவனித்தேன். கவனித்து என்ன செய்வது என்று தெரியாமல் மைலோ குவளையைக் கழுவி வைத்தேன்.

இப்படி ஒரு கட்டடமே இருக்கிறது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஈஸ்ட்கேட் சென்டர், 1996, மிக் பியர்ஸ் கட்டியது. கரையான் புற்றில் சூடான காற்று மேலே போய்க் கீழே குளிர்காற்று நுழைவதைப் பார்த்து, வழக்கமான ஏசி இல்லாமல் ஒரு வணிக வளாகம். ஔவையின் பட்டியலில் கரையானுக்கு ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி 19

பிஷான் தம்பி கேட்டிருக்கிறார்: ‘அண்ணா, ஆறு கலையாகுமா?’ உங்கள் பிஷான் பூங்காவில் முன்பு 2.7 கிலோமீட்டருக்கு நேராக கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். கரையைச் செடி வேரும் கல்லும் பிடித்து நிற்கிறது. உடைத்த கான்கிரீட்டைக்கூட அங்கேயே ஒரு மேடாக அடுக்கிவிட்டார்கள். கலையா என்று நான் சொல்ல மாட்டேன். நீர்நாய்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன, அவற்றைக் கேளுங்கள்.

ஜனவரி 20

அம்மாவிடம் இந்தப் பேச்சையெல்லாம் சொன்னேன். கோலமும் இயற்கையைப் பார்த்து வந்ததுதானே அம்மா, கொடி மாதிரி போகிறதே, தாவரம் வளர்வதைக் கணக்காகச் சொல்ல லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968இல் கண்டுபிடித்த முறையில் நம் கோலத்தையே கம்ப்யூட்டரில் போடுகிறார்களாம் என்று பெருமையாக ஆரம்பித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: ‘எறும்பைப் பார்த்து நான் கோலம் போடலடா. எறும்பு தின்னப் போட்டேன்.’

அரிசிமாவுக் கோலத்துக்கு எங்கள் தாழ்வாரத்தில் பெரிய சரித்திரம் இருக்கிறது. எறும்பு வந்தது, எதிர்வீட்டுக்காரர் வந்தார், அப்புறம் ஸ்டிக்கர் வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் வாசற்படிக்கு உள்பக்கம் மாவு, வெளியே ஸ்டிக்கர். எறும்பு எப்படியோ வெள்ளிக்கிழமையைத் தெரிந்து வைத்திருக்கிறது.

ஆனால் அம்மா சொன்னது மனசில் நிற்கிறது. நாங்கள் எல்லாரும் எறும்பிடமிருந்து என்ன எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் எறும்புக்குப் போடுவதைப் பற்றிப் பேசுகிறார்.

ஜனவரி 23

2018இல் ஆர்ட்சயின்ஸ் மியூசியத்தில் தியோ யான்சனின் கடற்கரை விலங்குகள் வந்திருந்தன. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெதர்லாந்துக்காரர். மின்சார வயர் செலுத்துகிற மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களை வைத்து, காற்றில் நடக்கிற பெரிய எலும்புக்கூடுகள் செய்கிறார். 1990லிருந்து இதே வேலை.

எல்லாரும் மேலே பார்த்துப் படம் எடுத்தார்கள். நான் குனிந்து கால் மூட்டுகளைப் பார்த்தேன். குழாயைச் சூடுகாட்டி வளைத்து, துளை போட்டு, கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறார். எங்கள் பட்டறையில் குப்பைக்குப் போகிற சாமான். ஆனால் அந்தக் கால் தரையில் ஊன்றும்போது முதுகு ஏறி இறங்காமல் சமமாகப் போகிறது. அதுதான் வித்தை. நண்டைப் பார்த்தோ ஒட்டகத்தைப் பார்த்தோ அந்தக் காலை அவர் வரையவில்லை. கம்ப்யூட்டரில் 1,500 கால்களைக் கண்டபடி நீளங்களில் போட்டு, நன்றாக நடந்த 100ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்து மறுபடி 1,500 உண்டாக்கி, மாதக்கணக்கில் இப்படியே ஓடவிட்டிருக்கிறார். தேறியதை வைத்து தேறாததைத் தள்ளியதுதான் அவர் இயற்கையிடம் எடுத்துக்கொண்டது.

கிளமெண்டி அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நல்ல பதில் இதுதான். புராஜெக்ட் கொடுத்துவிட்டீர்கள் என்று தெரியும்.

பிப்ரவரி 2

ஜனவரி 16இல் நான் கரையானுக்கு டிக் போட்டேன் அல்லவா, அதை அழித்துவிடுகிறேன். ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் என்ற இருவர் புற்றுகளை நேரில் ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். புற்று அப்படி வேலை செய்வதில்லையாம். சூடான காற்று புகைபோக்கி மாதிரி மேலே போய் உள்ளே குளிரவைக்கிறது என்பது பழைய எண்ணம். அவர்கள் ஆராய்ந்த புற்றுகளில் உள்ளே இருக்கிற வெப்பம் சுற்றியுள்ள மண்ணை ஒட்டித்தான் போகிறது. புற்றின் மேல்பகுதி நுரையீரல் மாதிரி, வெளிக்காற்றின் தள்ளாட்டத்தில் உள்ளே இருக்கிற வாயுவை மாற்றிக்கொள்கிறது.

ஆனால் ஈஸ்ட்கேட் கட்டடம் நன்றாகவே இயங்குகிறது! பியர்ஸ் கரையானைத் தப்பாகப் புரிந்துகொண்டு கட்டினார், கட்டடம் சரியாக வந்தது. நான் கூம்பைச் சரியாகப் புரிந்துகொண்டேன், பூ அசையவில்லை. ஃபேன் வைத்தவரை இன்னும் மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 9

மேலே ‘சரியாகப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதே வெட்கமாக இருக்கிறது.

பட்டறையில் ஓய்வு பெற்ற பின்பும் வாரம் இரண்டு நாள் வந்துபோகிற ஆ பெக் ஒருவர் உண்டு, எழுபது தாண்டிய தச்சர். என் இதழ் ஒன்று மேசையில் கிடந்தது. எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், கட்டைவிரலால் நார் ஓட்டத்தின் மேல் ஒரு தடவு தடவினார். பிறகு இதழைக் கால்வட்டம் திருப்பி மேசையில் வைத்துவிட்டு கோப்பி குடிக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் மரக்கதவு எங்கே சிக்கும்? அகலத்தில். உயரத்தில் ஒருநாளும் சிக்காது. மரம் ஈரத்தில் நாருக்குக் குறுக்கேதான் உப்பும், நாரின் நீளவாக்கில் உப்புவது இல்லை என்றே சொல்லலாம். இருபது வருடமாக இதை வைத்துத்தான் கதவுக்கு இடைவெளி விடுகிறேன். ஆனால் இதழ் வெட்டும்போது கை தன் பழக்கத்தில் போய்விட்டது: நீளமான துண்டா, நார் நீளவாக்கில், அப்போதுதான் பலம், பார்க்கவும் அழகு. அதனால் இதழ் குறுக்கே உப்பிப் பாக்குமட்டையாகக் குழிந்தது. ஜனவரி 15இல் நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள், பாக்குமட்டை என்று! பதிலை எழுதி வைத்துவிட்டு மழையைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

குறுக்கே குழிந்த தகடு நீளவாக்கில் வளையவும் வளையாது. அளவெடுக்கும் டேப் நிமிர்ந்து நிற்பது எப்படி? அதே சங்கதி. பூவுக்குள் நானே ஒரு பூட்டும் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

யாரோ ‘மழைக்காலமும் ஒரு காரணம்தானே’ என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நன்றி, ஆனால் அதுவும் பாதிதான். பத்து வெள்ளிக்கு ஒரு ஈரமானி வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறேன். நேற்று காலை ஆறு மணிக்கு 94, மதியம் மூன்று மணிக்கு 61. நம் ஊரில் எப்போதும் ஒரே புழுக்கம் என்று நாம் சொல்வது நம் தோலின் பேச்சு. மரத்துக்கு அது பெரிய ஏற்ற இறக்கம். பாரிஸ் தேவையில்லை.

பிப்ரவரி 21

விரிந்தது.

நாரைக் குறுக்கே வைத்து நான்கு இதழ் மட்டும் வெட்டினேன். ஃபிலிம் உள்பக்கம், வெனீர் வெளிப்பக்கம். காலையில் வெளிப்பக்கம் நீண்டு, மொட்டாக மூடியிருந்தது. பதினோரு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, மூன்று மணிக்கு நன்றாக மல்லாந்து கிடந்தது. அசைவதைப் பார்க்க முடியாது. போய் சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தால் மாறியிருக்கும். குறுக்கு நார் என்பதால் இதழ் நுனி சட்டென்று ஒடிகிறது, இரண்டு ஏற்கெனவே போயிற்று. அம்மா துணி எடுக்க வந்தவர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ‘இது சாயங்காலம் தூங்குமூஞ்சி மரம் மூடிக்குமே, அதுக்கு எதிர்ப்பாட்டு’ என்றார். தூங்குமூஞ்சி மரம் அந்திக்கும் மழைக்கும் இலையை மூடும் என்பது சரி, ஆனால் அது உயிருள்ள இலை, காம்புக் கணுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிச் செய்கிறது. என் பூ செத்த மரம். இதை அம்மாவுக்கு விளக்கப் போனேன். அவர் துணியோடு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 22

ஃபேன்காரர் லிஃப்டில் பார்த்தார். அடுத்த வருடமும் செய்யச் சொல்கிறார். மதியம் மூன்று மணிக்கு விழா வையுங்கள் என்றேன்.

மார்ச் 3

அடுத்த ஆசை சாகா காய். மஞ்சாடி என்றால் ஊரில் தெரியும், பொன் நிறுக்க வைத்திருந்த சிவப்பு விதை. இங்கே பள்ளிக்கூடக் காலத்தில் பொறுக்கி டப்பாவில் சேர்க்காதவர்கள் யார்? நாம் எல்லாரும் விதையைப் பொறுக்கினோம், தோலைக் காலால் தள்ளிவிட்டோம். அந்தத் தோல்தான் விஷயம். பச்சையில் தட்டையாக இருக்கிற காய், காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து திருகாணி மாதிரி முறுக்கிக்கொள்கிறது.

இதன் உறவுக்கார மந்தாரைக் காயை 2011இல் இஸ்ரேலில் ஆராய்ந்திருக்கிறார்கள். தோலில் இரண்டு அடுக்கு, நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக, காயின் நீளத்துக்கு மூலைவாட்டில். காயும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் சுருங்குவதால் முறுக்கு. அவர்கள் இதைக் காட்ட இரண்டு ரப்பர் தாளை ஒன்றுக்கொன்று குறுக்கான திசையில் இழுத்து ஒட்டி, மூலைவாட்டில் கீற்றாக வெட்டினார்கள். வெட்டி விட்டவுடன் கீற்று சுருண்டு திரிந்துகொள்ளும். நான் மருத்துவக் கையுறை ரப்பரில் செய்து பார்த்தேன். முதல் கீற்று கையிலேயே துள்ளி முறுக்கிக்கொண்டது. அடுத்த ஒரு மணி நேரம் நான் வேலை எதுவும் பார்க்கவில்லை, கையுறைப் பெட்டி காலியாகிவிட்டது.

இப்போது அதே கணக்கை வெனீரில் செய்ய வேண்டும், 45 டிகிரி. அதற்கு முன் நிஜக் காயைப் பச்சையாக வைத்து, காயக் காய எந்த நேரத்தில் பிளக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். காய்ந்து முறுக்கியது என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது. பச்சையாக விழுந்தது யாருக்காவது கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். மரத்திலிருந்து பறித்துவிடாதீர்கள், அபராதம் கட்ட நான் வர மாட்டேன்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

கிளமெண்டி அக்கா, மார்க் வந்ததைச் சொல்லவே இல்லையே. ‘தாமரை வேடம் போட்ட புரொமீலியாட்’ எழுதினாளா?